படிவத்தை யார் படித்துச் சொல்வது?



புதுச் சாயம் ஒன்று விற்பனைக்கு வந்தால் சாயப்பட்டறைக்காரர் என்ன செய்வார்? இளம்பிள்ளை வாசகர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தறிச் சத்தத்தைக் கேட்டே தூங்கி எழுந்து பள்ளிக்கு வருகிறவர்கள் நீங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சேலத்துக்கு அருகில் இருக்கும் இளம்பிள்ளையில் சேலை நெய்வதுதான் முக்கியத் தொழில். சாயம் போகிற சேலையை ஒருவரிடம் ஒரு தடவைதான் விற்க முடியும். ஆகவே, 'பழைய சாயத்தைவிட இது நன்றாக நிற்கும்' என்று வியாபாரி எவ்வளவு அடித்துச் சொன்னாலும், விவரம் தெரிந்த பட்டறைக்காரர் உடனே நம்பிவிட மாட்டார். ஒரே நூலில் சில சிட்டங்களைப் பழைய சாயத்திலும் சிலவற்றைப் புதுச் சாயத்திலும் முக்குவார். இரண்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே சூடு, ஒரே வெயில். பிறகு இரண்டையும் துவைத்துப் பார்ப்பார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நல்ல நூலாகப் பார்த்துப் பொறுக்கிப் புதுச் சாயத்துக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஜெயித்தது சாயமா, நூலா என்று தெரியாமல் போய்விடும். ஆகவே பார்க்காமல், கைக்கு வந்த சிட்டத்தை எடுத்துப் பிரிக்க வேண்டும்.

மருந்துச் சோதனையும் அடிப்படையில் இதுதான். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, ரத்தசோகை, 'சிண்ட்ரோம்' என்று பெயர் முடிகிற பலவகை நோய்கள் என எதற்குப் புது மருந்து வந்தாலும் முதலில் ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் பார்ப்பார்கள். பிறகு மனிதர்களில் பார்த்தாக வேண்டும். ஒத்துக்கொள்ளும் நோயாளிகளைச் சேர்த்து, சீட்டுக் குலுக்குவது போல இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்குப் புது மருந்து, இன்னொரு குழுவுக்கு இதுவரை வழக்கத்தில் உள்ள சிகிச்சை. பிறகு காத்திருந்து எண்ணிப் பார்ப்பார்கள்.

ஆனால் நூலுக்கு வாய் இல்லை. மனிதனுக்கு இருக்கிறது. வித்தியாசம் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். இருபது வருடமாகத் தறி ஓட்டும் உங்கள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. சேலத்திலோ கோவையிலோ ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போகிறீர்கள். பரிசோதனை முடிந்ததும் டாக்டர், 'இந்த நோய்க்கு ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. சேர விருப்பமா?' என்று கேட்டு ஆறேழு பக்கப் படிவம் ஒன்றை நீட்டுகிறார். அப்பா அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. 'நீங்க சொன்னாச் சரிங்க. எங்கீங்க கையெழுத்துப் போடணும்?' என்கிறார். அம்மா மட்டும் உங்கள் பக்கம் திரும்பி, 'கண்ணு, இது என்னன்னு படிச்சுச் சொல்லு' என்கிறாள்.

வீட்டில் அதிகம் படித்தவர் நீங்கள்தான். அதனால்தான் இந்த விஷயத்தை டாக்டர்களிடம் பேசாமல் உங்களிடம் பேசுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'நாங்கள் என்ன சோதனை எலியா?' என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதுதான் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணத்தைச் சொல்ல 1956-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் என்று அர்த்தம். ஊருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், மாதக்கணக்கில் படுக்கையில் ஓய்வு; பால், முட்டை, நல்ல சாப்பாடு. நம் பக்கத்தில் பெருந்துறையில் ஒரு சானடோரியம் இருந்ததைத் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். தாம்பரத்துக்கு அருகே ஒரு ரயில் நிலையத்துக்கு இன்றும் 'தாம்பரம் சானடோரியம்' என்றே பெயர். சிக்கல் என்னவென்றால், நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. இடம் கிடைக்காதவர்கள் வீட்டிலேயே இருமிக் கொண்டு கிடந்தார்கள்.

காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்துகள் அப்போது வந்துவிட்டன. அப்படியானால், மருந்தை வீட்டில் இருந்தபடியே சாப்பிட்டால் போதாதா? 'போதாது' என்றார்கள் பலர். ஓய்வு வேண்டும், சத்துணவு வேண்டும், வீட்டில் இருந்தால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? ஆனால் யாரும் ஒப்பிட்டு எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கியவை. சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் இன்றைய வடிவம். அங்கே வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில் ஒரு சோதனை நடந்தது. சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர் அதில் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதி சானடோரியத்துக்கும், மறு பாதி வீட்டுச் சிகிச்சைக்கும் போனது. இருவருக்கும் அதே மருந்துகள், அதே ஒரு வருடம்.

வீட்டுச் சிகிச்சைக்காரர்களின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். நெருக்கடியான வீடு. அரை வயிற்றுச் சாப்பாடு. ஓய்வு என்பது பேச்சில்தான். சானடோரியத்துக்காரர்களுக்கோ எல்லா வசதியும் இருந்தது. வருட முடிவில் சளியைப் பரிசோதித்தபோது, சானடோரியத்தில் 100-க்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில்? 100-க்கு 86.

'ஆறு குறைகிறதே!' என்பீர்கள். ஒரு வேலை செய்யுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை 100 முறை சுண்டி, தலை எத்தனை என்று எழுதுங்கள். மறுபடியும் 100 முறை சுண்டுங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாகவா இருக்கிறது? ஆறு, ஏழு வித்தியாசம் சர்வ சாதாரணமாக வரும். நாணயம் மாறவில்லை, சுண்டிய கை மாறவில்லை, ஆனாலும் வரும். சென்னையில் ஒவ்வொரு குழுவிலும் நூறு பேருக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருந்தார்கள். அவ்வளவு சிறிய குழுவில் ஆறு என்பது தற்செயலாகவே வந்திருக்கக் கூடிய வித்தியாசம். அதைவிட வியப்பு, வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாரைத் தொடர்ந்து சில ஆண்டுகள் கவனித்ததில் தெரிந்தது. சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தைவிட இவர்களிடம் நோய் அதிகம் பரவவில்லை. மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே சளியில் கிருமிகள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன; ஒட்டுகிற நோய் பெரும்பாலும் வைத்தியத்துக்கு வருமுன்பே ஒட்டிவிடுகிறது.

1959-இல் இந்த முடிவு வெளியானது. அதன் பிறகு உலகம் முழுவதும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாகத் தேவையற்றுப் போயின. இன்று இளம்பிள்ளையில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார். அதற்குப் பின்னால் பெயர் தெரியாத அந்த 193 பேர் இருக்கிறார்கள். வீட்டில் கொடுத்த மாத்திரையை எல்லோரும் ஒழுங்காக விழுங்கினார்களா என்று கண்டுபிடிக்க, ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணியதும், சிறுநீரைப் பரிசோதித்ததும் தனிக் கதை. ஊழியர் கண்ணெதிரே மருந்து விழுங்க வைக்கும் முறை அந்த அனுபவத்திலிருந்துதான் பிறந்தது. பிற்பாடு அது பல நாடுகளுக்குப் போனது.

இன்னொன்று. உங்கள் இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே பாருங்கள். சிறிய தழும்பு ஒன்று இருக்கும். குழந்தையாக இருந்தபோது போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் அடையாளம். அந்த ஊசி காசநோயை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்க 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் சேர்ந்தார்கள். சிலருக்கு உண்மையான தடுப்பூசி. சிலருக்கு நன்மையும் தீமையும் செய்யாத வெறும் ஊசி. எது யாருக்கு என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா? 1979-இல் முதல் முடிவு வந்தபோது பலருக்கும் அதிர்ச்சி. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை! ஆனால் கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசநோயை அது தடுக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியிருந்தன. அதனால்தான் குழந்தைகளுக்கு இன்றும் போடுகிறோம். பெரியவர்களுக்கு இதை மட்டும் நம்பி உட்காரக்கூடாது என்பதையும் கற்றுக்கொண்டோம். 'பயன் இல்லை' என்று தெரிவதும் பயன்தான்.

ஆகவே, 'சேரவே மாட்டோம்' என்று எல்லோரும் சொல்லிவிட்டால், டாக்டர்கள் ஊகத்தில்தான் வைத்தியம் செய்ய வேண்டியிருக்கும். நம் ஊர்க்காரர்கள் சேராத சோதனையில் தேறிய மருந்து, நம் ஊர்ச் சாப்பாட்டுக்கும் நம் ஊர் உடம்புக்கும் எப்படி இருக்கும் என்பதும் தெரியாது.

சரி, அப்படியானால் 'டாக்டர் சொன்னாச் சரிங்க' என்ற அப்பாவின் பதில்? அதுவும் சரியல்ல என்பதே என் கருத்து. டாக்டர் கெட்டவர் என்பதால் அல்ல. சோதனையில் சேர்ந்த பிறகு, எந்த மருந்து என்று முடிவு செய்வது டாக்டர் அல்லவே! குலுக்கல் சீட்டு அல்லவா முடிவு செய்கிறது? 'டாக்டர் நமக்கு எது நல்லது என்று பார்த்துத்தான் இதைக் கொடுத்தார்' என்று அப்பா நினைத்துக் கொண்டிருந்தால், அவர் எதற்குச் சம்மதித்தார் என்பது அவருக்கே தெரியாது. இரண்டில் எது நல்லது என்று உண்மையிலேயே யாருக்கும் தெரியாதபோதுதான் சீட்டுக் குலுக்குவது நியாயம். அந்த 'தெரியாது' என்ற வார்த்தையை நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் சொல்லத் தயங்கும் வார்த்தை அதுதான்.

சொல்லாமல் செய்த வரலாறும் உண்டு. 1947-இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் காசநோய்க்குச் சோதித்தார்கள். குலுக்கல் முறையில் ஒழுங்காக நடந்த முன்னோடிச் சோதனை என்று புத்தகங்கள் புகழும். அது நியாயமான புகழ்தான். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4. வெறும் ஓய்வில் இருந்த 52 பேரில் 14. மருந்து நாட்டில் மிகக் கொஞ்சமாகத்தான் இருந்தது, எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த 52 பேருக்கும் தாங்கள் ஒரு சோதனையில் இருக்கிறோம் என்பதே தெரியாது.

அமெரிக்காவில் டஸ்கீகி என்ற இடத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. சிபிலிஸ் நோய் கண்ட ஏழைக் கறுப்பின மக்கள் சுமார் 400 பேரை, 'வைத்தியம் பார்க்கிறோம்' என்று நம்ப வைத்து, நோய் எப்படி முற்றுகிறது என்று 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்தார்கள். இடையில் பென்சிலின் வந்து அந்த நோயைக் குணமாக்கத் தொடங்கிய பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. பத்திரிகைகள் எழுதிய பிறகே அது நின்றது.

அது எங்கேயோ நடந்தது என்று தள்ளிவிடாதீர்கள். 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், உங்களைவிடச் சற்று இளைய, 10 முதல் 14 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் ஓர் ஆய்வுத் திட்டம் நடந்தது. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மாநில அரசும் சேர்ந்து நடத்தியது. 2010-இல் அதை நிறுத்தி விசாரித்தார்கள். அந்த மாநிலத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் கையெழுத்திட்டிருந்தவர்கள் பெற்றோர் அல்ல, விடுதிக் காப்பாளர்கள்! 1,948-இல் இருந்தது கைநாட்டு. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. அந்தத் தடுப்பூசி நல்ல ஊசிதான். பல நாடுகளில் அது அந்தப் புற்றுநோயைக் குறைத்திருக்கிறது. ஆனால் ஊசி நல்லது என்பதற்காக, பெண்ணின் பெற்றோரைக் கேட்காமல் போடலாமா? விடுதிக் காப்பாளர் சோறு போடலாம், பாடம் படிக்கச் சொல்லலாம். மகளின் உடம்புக்கு அப்பா அம்மாவின் இடத்தில் நின்று கையெழுத்துப் போட அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இன்று நம் நாட்டில் சட்டம் ஓரளவு வலுவாக இருக்கிறது. 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகளின்படி, ஒரு நெறிமுறைக் குழு அனுமதிக்காமல் சோதனையைத் தொடங்க முடியாது. அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டுமின்றிச் சட்டம் தெரிந்தவரும், சாதாரணப் பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும். சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் உண்டு. படிக்கத் தெரியாதவர் சேர்ந்தால், அந்தச் சோதனையோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். நோயாளி உங்கள் வயதுக்காரராக இருந்தால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. 12 வயதுக்கு மேற்பட்டவரின் எழுத்துபூர்வமான இசைவும் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டி.

எல்லாம் சரிதான். ஆனால் சட்டம் காகிதத்தில் இருக்கிறது. காகிதமோ புரியாத தமிழில் இருக்கிறது! 'தாங்கள் சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்' என்று எழுதினால் தறி ஓட்டுகிறவருக்கு என்ன விளங்கும்? ஏதோ சீர்கெட்ட காரியம் என்றுதான் தோன்றும். 'சீட்டுக் குலுக்கி உங்களை ஏதாவது ஒரு குழுவில் சேர்ப்போம்' என்று எழுதினால் என்ன குறைந்துபோகும்? ஏலச்சீட்டு நடக்கும் ஊரில் குலுக்கல் என்றால் என்னவென்று தெரியாதவர் உண்டா? ஆங்கிலப் படிவத்தை அலுவலகத் தமிழில் பெயர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. நோயாளி தன் வாயால் அதைத் திருப்பிச் சொல்லும்போதுதான் முடிகிறது.

எனவே அம்மா படிவத்தை உங்கள் கையில் கொடுத்தால், 'இதை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு நாளைக்கு வரலாமா?' என்று முதலில் கேளுங்கள். இது மரியாதைக் குறைவே அல்ல. யோசிக்க நேரம் தர வேண்டும் என்பது விதி. நல்ல ஆராய்ச்சியாளர் சந்தோஷமாகச் சம்மதிப்பார். 'இப்போதே போடுங்கள், இடம் போய்விடும்' என்று ஒருவர் அவசரப்படுத்தினால் எனக்குச் சந்தேகம் வரும், உங்களுக்கும் வரட்டும்.

அன்று இரவு தறியை நிறுத்தியதும், வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து உரக்கப் படியுங்கள். புரியாத வரியின் கீழே கோடு போடுங்கள். சேராவிட்டாலும் வழக்கமான வைத்தியம் கிடைக்குமா, நடுவில் விலகினால் யாராவது கோபித்துக்கொள்வார்களா, எத்தனை தடவை சேலத்துக்குப் போய்வர வேண்டும், அன்றைய கூலி போனால் யார் தருவார்கள் என்றெல்லாம் பெரியவர்கள் கேட்பார்கள். முதல் இரண்டுக்கும் விதி தெளிவாகவே பதில் சொல்கிறது: வைத்தியம் கிடைக்கும், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். கூலிக்கும் பஸ் செலவுக்கும் படிவத்தில் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்கும் கோடு போடுங்கள். இன்னொரு கேள்வி பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை. மருந்து பலித்து அப்பாவுக்கு உடம்பு தேறியது என்று வைத்துக்கொள்வோம். சோதனை முடிந்த மறுநாள் அந்த மருந்து கிடைக்குமா? கடையில்தான் வாங்க வேண்டும் என்றால் என்ன விலை? அதை எழுதி வாங்காமல் கையெழுத்துப் போட நான் சொல்லமாட்டேன்.

எல்லாம் கேட்ட பிறகு அப்பா 'சேருகிறேன்' என்றால், அவர் கெட்டிக்காரர். 'வேண்டாம்' என்றாலும் கெட்டிக்காரர்தான். முடிவு அவருடையது. படித்துச் சொல்வதோடு உங்கள் வேலை முடிந்தது. தள்ளிவிடவும் கூடாது, தடுக்கவும் கூடாது.

சேர்ந்தால், படிவத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். நம் நாட்டில் நடக்கும் மருந்துச் சோதனைகளை முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே ஒரு தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2007-இல் தொடங்கிய அந்தப் பதிவேடு 2009 முதல் கட்டாயமானது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பள்ளிக் கணினியிலேயே பார்க்கலாம். உங்கள் சோதனையின் பதிவு எண்ணைக் கேட்டு, படிவத்தின் மேல் எழுதி வையுங்கள். நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் படிவத்தில் இருக்கும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, மூன்று வருடம் கழித்துச் சோதனை முடிந்திருக்கும். ஏதாவது ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில், ஆங்கிலத்தில், முடிவு வந்திருக்கும். உடம்பைக் கொடுத்தவர்களுக்கு ஒரு தபால் அட்டைகூட வருவதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். எந்த மருந்து ஜெயித்தது, அப்பாவுக்கு விழுந்த சீட்டு எது என்று அந்த ஆராய்ச்சியாளருக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். அப்போது நீங்கள் கல்லூரியில் இருப்பீர்கள். பதிவு எண்ணை மறக்காமல் மேலே குறிப்பிடுங்கள்.